வக்கீல் இருந்தார், என்ன செய்தார்?

வக்கீல் வைத்துக்கொள்வது குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை. ஆனால் கேட்க வேண்டியவர் அவர்தான், வேண்டுமா என்று விசாரிக்கும் கடமை நீதிபதிக்கு இல்லை. 1951-இல், தாராசிங் வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் நிலை இதுவாக இருந்தது. 1986-இல் அருணாசலப் பிரதேசத்திலிருந்து வந்த சுக் தாஸ் வழக்கில் அதே நீதிமன்றம், கேட்கவில்லை என்பது ஒரு காரணமே ஆகாது என்றது. இலவச வக்கீல் கிடைப்பார் என்பதை நீதிபதியே எடுத்துச் சொல்ல வேண்டும். சொல்லாமல் நடந்த விசாரணையில் விதித்த தண்டனை ரத்தானது.

இடைப்பட்ட 35 ஆண்டுகளில் நீதிபதிகள் வி. ஆர். கிருஷ்ணய்யரும் பி. என். பகவதியும் சட்ட உதவி பற்றிக் குழுக்கள் நடத்தி அறிக்கைகள் எழுதினார்கள். 1976-இல் அரசியலமைப்பில் இலவச சட்ட உதவிக்கான 39அ பிரிவு சேர்ந்தது. 1987-இல் நிறைவேறிய சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்தது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானக் கணக்குக் காட்டாமலே இன்று உதவி கேட்கலாம்.

காகிதம் நகரும் விதமும் மாறியிருக்கிறது. 1978-இல் தீர்ப்பான ஹோஸ்காட் வழக்கில் விதிக்கப்பட்டிருந்தது மூன்று ஆண்டுச் சிறை. உச்ச நீதிமன்றத்துக்கு மனு வந்ததோ நான்கு ஆண்டுகளுக்கு மேல் தாமதமாக. தீர்ப்பின் நகல் தன் கைக்கு வரவேயில்லை என்றார் கைதி. இன்று ஜாமீன் உத்தரவை அன்றோ மறுநாளோ மின்னஞ்சலில் சிறைக்கு அனுப்ப வேண்டும். ஏழு நாளில் கைதி வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்குச் சொல்ல வேண்டும் என்பது 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவு. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளேயே கிடந்தவர்களுக்கு இது உண்மையான லாபம்.

அன்றைய கேள்வி வக்கீல் இருந்தாரா என்பது. இன்றைய கேள்வி அவர் என்ன செய்தார் என்பது. இதற்குப் பதில் சொல்ல நாம் இன்னும் பழகவில்லை. மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் 2013-இல் ஒரு கொலை வழக்கு. குற்றச்சாட்டு வனைந்த அன்றுதான் சட்ட உதவி வக்கீல் நியமிக்கப்பட்டார். இரண்டே வாரத்துக்குள் மரண தண்டனை. ஏட்டில் எல்லாம் சரி: வக்கீல் உண்டு, குறுக்கு விசாரணை உண்டு. 2019-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, இனி ஆயுள், மரண தண்டனைக்குரிய வழக்குகளில் பத்தாண்டு அனுபவமுள்ளவரையே நியமிக்க வேண்டும், தயாராக ஏழு நாளாவது தர வேண்டும் என்றது. அந்த மனிதர் 2024-இல் விடுதலையானார்.

முன்பு ஆணைக்குழுவின் பட்டியலில் இருந்த வழக்கறிஞர் தம் சொந்தக் கட்சிக்காரர்களுக்கு நடுவே, சொற்பக் கட்டணத்துக்கு, சட்ட உதவி வழக்கையும் பார்த்தார். 2022 முதல் பெரும்பாலான மாவட்டங்களில் முழுநேரச் சட்ட உதவி வழக்கறிஞர்கள் வந்திருக்கிறார்கள். தனித் தொழில் செய்யக் கூடாது, குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டுமே வாதாட வேண்டும். கவனம் கூடியிருக்கிறது. ஆனால் அவர்கள் ஒப்பந்த ஊழியர்கள். அவர்கள் வேலையை மதிப்பிடும் ஆணைக்குழுவுக்கு மாவட்ட நீதிபதியே தலைவர். அவர் முன்பும் அவர்கள் வாதாட வேண்டியிருக்கும். நீதிபதியோடு முரண்பட்டு ஒரு சாட்சியை மறுபடி அழைக்கச் சொல்வதற்கு, தம் வருமானத்துக்கு வேறு வழியுள்ள பழைய வக்கீலிடம் இருந்த துணிவு இவர்களிடம் இருக்குமா என்பது எனக்குக் கவலை.

தொலைந்தது இன்னொன்றும் உண்டு. பகவதி தலைமுறை சட்ட உதவியை நீதிமன்றத்துக்கு வெளியே கொண்டுபோக நினைத்தது: கூலி தராத முதலாளி, நிலம் பிடுங்கும் பண்ணையார் ஆகியோரின் எதிரே ஏழைகளை ஒன்றாக நிறுத்துவது அதன் நோக்கம். இன்றைய ஆண்டறிக்கைகளில் முன்னே நிற்பது மக்கள் நீதிமன்றங்கள் முடித்துவைத்த வழக்குகளின் எண்ணிக்கை. போக்குவரத்து அபராதமும் வங்கிக் கடன் பாக்கியும் அதில் சேரும். வழக்கு முடிவது நல்லதே, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பி வரும். ஆனால் காவலில் இருக்கும் ஒருவரை அவருடைய வக்கீல் விசாரணைக்கு முன் எத்தனை முறை நேரில் பார்த்தார், குற்றப்பத்திரிகையைப் படித்துக் காட்டினாரா, அடுத்த வாய்தா எப்போது என்று அவருக்குத் தெரியுமா என்பதை அந்த எண்ணிக்கை சொல்லாது. சிறைக்குப் போய் அந்த மூன்றையும் கைதியிடமே கேட்டு எழுதினால், செலவாகும் பொதுப்பணத்தின் மதிப்பு தெரியத் தொடங்கும்.