நிலம் கொடுத்து மனை பெறும் திட்டம்

புதிய நகரம் அமைக்க அரசு நிலம் பெறுவதில் இரு முறைகள் உண்டு. 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டப்படி எடுத்தால் விவசாயிக்குக் கிடைப்பது பணம். மற்றொன்று, நிலத்தை ஒப்படைத்துவிட்டு, நகரம் உருவானபின் அதிலேயே மனை பெறும் முறை. ஆந்திரத்தில் அமராவதி தலைநகருக்காக 2015இல் இம்முறையில் 33,000 ஏக்கருக்கு மேல் பெறப்பட்டது.

ஒரு ஏக்கர் புன்செய்க்கு 1,000 சதுர கஜம் குடியிருப்பு மனையும், 250 சதுர கஜம் வணிக மனையும் தருவதாக ஏற்பாடு. நம் கணக்கில் சுமார் 26 சென்ட். வாழையும் பூவும் விளைந்த ஆற்றோர நிலத்துக்குச் சுமார் 30 சென்ட். இதுதவிர 10 ஆண்டுகளுக்கு ஆண்டுத்தொகை தருவதாகவும் ஏற்பாடு இருந்தது. புன்செய் ஏக்கருக்கு ரூ.30,000, ஆற்றோர நிலத்துக்கு ரூ.50,000, ஆண்டுதோறும் 10 சதவீத உயர்வுடன். நிலமற்ற குடும்பத்துக்குத் தொடக்கத்தில் மாதம் ரூ.2,500.

100 சென்ட் கொடுத்து 26 சென்ட் பெறுவது நட்டம் போலத் தோன்றும். நகரம் எழுந்தால் நட்டமில்லை. எழாவிட்டால்? 2019இல் ஆட்சி மாறியது. மூன்று தலைநகரங்கள் என்று அறிவிப்பு வந்தது. கட்டுமானம் நின்றது. வயலும் போய், மனையும் கைக்கு வராத விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடினர். 2024இல் மீண்டும் ஆட்சி மாறிய பிறகே பணிகள் தொடர்ந்தன.

ஆகவே இத்தகைய ஒப்பந்தம் வந்தால், மனையின் அளவைவிட, அது சாலை, வடிகால் வசதியுடன் எந்தத் தேதிக்குள் ஒப்படைக்கப்படும், தாமதமானால் ஆண்டுத்தொகை நீடிக்குமா என்பவற்றையே முதலில் பார்க்க வேண்டும். குத்தகைதாரருக்கு என்ன என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி நிலமெடுப்பதாயின், முதல்நிலை அறிவிக்கை வெளியான 60 நாட்களுக்குள் கலெக்டரிடம் எழுத்துமூலம் ஆட்சேபம் கொடுக்கலாம்.