காரின் சில்லும் மேசனின் நூலும்

மாட்டு வண்டியின் சில்லு அச்சிலே சற்றுக் கோணியிருந்தால் வண்டிக்காரன் அதனைக் கண்ணால் காணுமுன் காதால் அறிவான். மாடுகள் அதற்கும் முன்னரே கழுத்தால் அறிந்துவிடும். மோட்டார்க் காரோ இவ்வகையில் மிகுந்த பொறுமை வாய்ந்தது. சில்லுகள் கோணியிருந்தாலும் எஞ்சின் முறையிடாமல் இழுத்துச் செல்லும். முறையிடுவது ரயர் ஒன்றுதான். அதுவும் தேய்ந்து தீரும் தறுவாயிலேதான்.

முன்சில்லுகள் இரண்டையும் மேலிருந்து நோக்குவதாகக் கொள்க. அவற்றின் முன்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரமும் பின்விளிம்புகளுக்கு இடையேயுள்ள தூரமும் சமமாயின் அவை ஒன்றுக்கொன்று சமாந்தரமாய் நிற்கின்றன. முன்பக்கம் குறுகியிருப்பின் அதனை மெக்கானிக்குகள் 'டோ-இன்' என்பர். விரிந்திருப்பின் 'டோ-அவுட்' என்பர். 600 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரயர்களிலே இந்த அளவு மூன்று மில்லிமீற்றர் பிசகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மூன்று மில்லிமீற்றர் என்ன பெரிய பிசகா என்று தோன்றும். கணக்கோ வேறு சொல்கின்றது. பிசகை இரு சில்லுகளும் பங்கிட்டுக்கொள்வதால் ஒவ்வொன்றும் 600க்கு ஒன்றரை என்ற அளவிலே கோணி நிற்கும். ஆகவே ஒரு கிலோமீற்றர் ஓடுவதற்குள் ஒவ்வொரு ரயரும் இரண்டரை மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகின்றது. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்பு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். ஒரு தடவை போய்ச் சேருமுன், கணக்கின்படி, ஒரு முழுக் கிலோமீற்றர் தூரம் அந்த ரப்பர் தார் வீதியிலே பக்கவாட்டில் உரஞ்சப்பட்டுவிடும்.

இக்குறையை அறிய முதலில் கருவி எதுவும் வேண்டா, உள்ளங்கை போதும். ரயரின் முகத்தைக் குறுக்காகத் தடவும்போது ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறுதிசையில் அரத்தின் பல்லைப் போலவும் தட்டுப்படுமாயின் டோ பிசகியிருக்கின்றது. ஓர் ஓரம் மாத்திரம் தேய்ந்திருந்தால் சில்லு செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கக்கூடும்; இச்சாய்வே 'கம்பர்' எனப்படும். ஈரோரமும் தேய்ந்திருப்பின் காற்றுக் குறைவு. குறிப்பிட்ட வேகத்தில் ஸ்ரியறிங் நடுங்குவது பெரும்பாலும் சில்லின் எடைச் சமநிலை பற்றிய வேறொரு குறையாகும். அதற்காக நேர்ப்படுத்தும் வேலைக்குப் பணம் கொடுப்பவர் பலர்.

இனி, இவ்வேலையை வீட்டிலே செய்தல் இயலுமா? 2020 மார்ச்சிலே நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஐந்தாண்டில் பழைய காரைப் பேணுதல் பலருக்கு விருப்பமன்று, கட்டாயமாயிற்று. அத்தகைய ஒருவரிடம் ஒரு மொறிஸ் மைனர் இருப்பதாக எண்ணுக. இங்கிலாந்திலே அலெக் இசிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தக் கார் நம் வீதிகளில் இன்றும் ஓடுகின்றது. வீட்டு வேலைக்கு அதனைப் போல் இணங்கும் கார் அரிது. அதிலே மாற்றியமைக்கத் தக்கது டோ ஒன்றே. ஏனைய கோணங்கள் ஆலையிலேயே அமைந்தவை, உறுப்புகள் தேய்ந்தாலோ வளைந்தாலோ அன்றி மாறா.

அவர் செய்யவேண்டியது இது. ரயர்களுக்குக் குறித்த அளவு காற்று நிரப்பி, காரைச் சமதளத்தில், ஸ்ரியறிங் நேராக இருக்க நிறுத்துக. நேராக என்பதை வலியுறுத்தக் காரணம் உண்டு. கார் திரும்பும்போது உட்புறச் சில்லு வெளிப்புறச் சில்லைவிடக் கூடுதலாகத் திரும்பும்படி அமைத்திருக்கின்றனர். திருப்பிய நிலையில் அளந்தால் அளவு பொய்க்கும். (இந்த அமைப்பு அக்கர்மான் என்பவர் பெயரால் வழங்குகின்றது. அவர் 1818இல் இலண்டனிலே உரிமம் பெற்றுக் கொடுத்தவர் மாத்திரமே. கண்டுபிடித்தவர் மியூனிக் நகரத்து வண்டி செய்பவரான லங்கன்ஸ்பெர்கர். பெயர் ஒருவருக்கும் உழைப்பு மற்றொருவருக்கும் ஆவது எந்திர உலகிலும் உண்டு.)

பின்னர் இரு முன்ரயர்களின் முகத்திலும் முன்பக்கமாக, அச்சின் உயரத்தில், மெல்லிய குறி ஒன்று இடுக. மேசன் சுவர் பிடிக்கும் தூக்குக்குண்டு நூலை அக்குறிகளிலிருந்து தொங்கவிட்டு, குண்டு தொடும் இடங்களை நிலத்திலே சோக்கால் குறித்து, இடைத்தூரத்தை அளக்க. இப்போது சில்லு அரைச் சுற்றுச் சுழலும்படி காரை முன்னே தள்ளினால் அதே குறிகள் பின்பக்கம் வந்துவிடும். மீண்டும் அளக்க. இரண்டுக்கும் உள்ள வேறுபாடே டோ. அதே குறிகளை இருமுறையும் அளப்பதால் ரிம் சற்று வளைந்திருந்தாலும் பிழை புகாது. பின்சில்லுகளால் தள்ளப்படும் இக்காரில் முன்பக்கம் இரண்டு மூன்று மில்லிமீற்றர் குறுகியிருத்தல் வேண்டும். ஓடும்போது வீதியின் தடை சில்லுகளைச் சற்றே விரிக்க, அவை சமாந்தரமாகிவிடும்.

திருத்தம் செய்வதாயின், ஸ்ரியறிங்கிலிருந்து சில்லுக்குச் செல்லும் கோலின் பூட்டு நட்டை இளக்கி, கோலைத் திருப்பவேண்டும். கால் சுற்றே பெரிய மாற்றம். இரு பக்கமும் சமமாகத் திருப்பாவிடின் கார் நேரே ஓடும்போது ஸ்ரியறிங் கோணலாக நிற்கும். பூட்டு நட்டை மீண்டும் இறுக்க மறப்பவர் ரயரை அல்ல, உயிரையே பணயம் வைக்கின்றார்.

அண்மைக்கால யப்பானியக் கார்களுக்கு இந்நூல் ஓரளவே உதவும். அவற்றிற் பலவற்றிலே பின்சில்லுகளையும் அளந்தே முன்சில்லுகளை அமைக்கவேண்டும். ஸ்ரியறிங்கின் கோணத்தை உணரும் மின்கருவியும் சிலவற்றில் வீதியை நோக்கும் கமராவும் உள. சில்லை மாற்றியமைத்தபின் இவற்றுக்கும் நேர் எது எனக் கற்பிக்கவேண்டியிருக்கும். அதற்குரிய வசதி வீட்டிலே இல்லை. ஒரு ரயரின் விலையிற் சிறு பங்கைக் கராச்சிலே கொடுப்பதே அவர்களுக்கு இலாபம்.

ஆனால், கொடுக்கும் பணம் எதற்கு என்பதை அறிந்து கொடுத்தல் நன்று. ஒளியால் அளக்கும் கருவி பாகையின் சிறு பின்னத்தையும் காட்டும். காற்றுக் குறைந்த ரயரையும் ஆடும் மூட்டையும் கருத்திற் கொள்ளாது, அவற்றின்மீதும் அதே நுட்பத்துடன் அளந்து காட்டும். ஆகையால் வேலைக்கு முந்திய அளவையும் பிந்திய அளவையும் அச்சிட்ட தாளைக் கேட்டுப் பெறுக. அளக்குமுன் சில்லை உயர்த்தி அசைத்துப் பார்த்தனரா என்றும் கேட்க. இல்லையென்ற விடை வந்தால் வேறு கராச்சை நாடலாம்.

வீட்டுக்காரரும் நூலை எடுக்குமுன் செய்யவேண்டியது இதுவே. ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கி ஒன்றும் வைத்து, கடிகார முகத்தின் ஒன்பதும் மூன்றும் நிற்கும் இடங்களிற் சில்லைப் பிடித்து அசைத்தால் ஸ்ரியறிங் கோல்களின் தளர்வு தெரியும். பன்னிரண்டும் ஆறும் நிற்கும் இடங்களில் அசைத்தால் பெயரிங்கின் அல்லது சில்லைத் தாங்கும் மூட்டின் தளர்வு தெரியும். மொறிஸ் மைனரின் முன்சில்லு கீழே 'ட்ரனியன்' எனும் திருகு மூட்டிலே நிற்கின்றது. கிறீஸ் காணாது அதன் புரிகள் தேய்ந்தால் ஒருநாள் மூட்டுக் கழன்று சில்லு மடிந்து கார் வீதியிலே குப்புற அமர்ந்துவிடும். டோ எவ்வளவு சரியாயிருப்பினும் அது நிகழும். அங்கே ஆட்டம் தென்பட்டால் நூலைச் சுருட்டி வைத்துவிட்டு, மூட்டை மாற்றும்வரை காரை வாசலுக்கு அப்பால் எடுக்காதிருத்தல் வேண்டும்.