பைத்தானுக்கு அகர வரிசை

‘திருவல்லிக்கேணி’ என்ற பெயரில் எத்தனை எழுத்து? ஒன்றாம் வகுப்புப் பிள்ளை விரல் விட்டு எண்ணி எட்டு என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற நிரல்மொழியிடம் கேட்டால் 15 என்கிறது. நமக்கு ‘தி’ ஓர் எழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடு முறையிலோ ‘த’ ஒரு குறி, அதன் மேல் வரும் கொக்கி இன்னொரு குறி. புள்ளிக்கும் தனிக் குறி. பைத்தான் எண்ணுவது அந்தக் குறிகளைத்தான்.

சென்னை திருவல்லிக்கேணியின் மேன்ஷன்களில் தங்கி வேலை தேடும் இளைஞர்களில் பலர் இன்று பைத்தான் படிக்கிறார்கள். தொடக்கப் பாடங்களிலேயே, உறுப்புகளை வரிசையாக வைக்கும் லிஸ்ட்டும், ஒரு கீயைக் கொடுத்தால் அதற்குரிய வேல்யூவைத் தரும் டிக்ஷனரியும் வந்துவிடும். பழங்களின் பெயர், மாணவர் மதிப்பெண் என்று எடுத்துக்காட்டுகளும் வரும். தேர்வுக்கு அவை போதும். ஆனால் இவ்விரண்டும் எதற்காக இருக்கின்றன என்பது மனத்தில் பதிய வேண்டுமானால், தமிழ்ச் சொற்களை வைத்துப் பழக வேண்டும் என்பேன்.

நிகண்டு முதல் பேரகராதி வரை

சொல்லைத் தேடும் வேலை கணினிக்கு முந்தியது. நிகண்டுகள் சொற்களைப் பொருள்வாரியாகப் பாட்டில் அடுக்கின. திவாகரம் என்ற நிகண்டில் 12 தொகுதிகள். பாட்டு மனப்பாடமாக இருந்தவருக்குச் சொல் உடனே கிடைத்தது, மற்றவருக்குத் தேடல்தான். 1732-இல் வீரமாமுனிவரின் சதுரகராதி சொற்களை எழுத்து வரிசையில் வைத்துத் தேடலை எளிதாக்கியது. பிறகு, திருவல்லிக்கேணியை ஒட்டியுள்ள சேப்பாக்கத்தின் சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை தமிழ்ப் பேரகராதியை ஆறு தொகுதிகளாக வெளியிட்டது. 1926 முதல் அதன் பதிப்பாசிரியர் எஸ். வையாபுரிப் பிள்ளை. அந்த ஆறு தொகுதிகளில் உள்ள சொற்கள் 1,04,405.

இத்தனை சொற்களையும் ஒரு லிஸ்ட்டில் போட்டு, ஒரு சொல் அதில் உண்டா என்று கேட்டால், பைத்தான் முதல் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போகும். இல்லாத சொல் என்றால் 1,04,405 ஒப்பீடுகளும் நடந்தாக வேண்டும். வரிசைப்படுத்திய லிஸ்ட்டைப் பாதி பாதியாகப் பிரித்துத் தேடினால் 17 படிகளில் முடிந்துவிடும். டிக்ஷனரியின் வழி வேறு. சொல்லிலிருந்தே ஓர் எண்ணைக் கணக்கிட்டு, அந்த எண் காட்டும் இடத்துக்கு நேரே போகிறது. சொற்கள் பத்து மடங்கு பெருகினாலும் தேடும் நேரம் பொதுவாகக் கூடுவதில்லை. இந்த வேகத்துக்கு விலை, கூடுதல் நினைவகம்.

வரிசை தப்பும் இடம்

2018-இல் வந்த 3.7 பதிப்பிலிருந்து, சொற்களை இட்ட வரிசையை டிக்ஷனரி மாறாமல் வைத்திருக்கும் என்பது பைத்தானின் உறுதி. அகர வரிசையை நாம்தான் கொடுக்க வேண்டும். தமிழ்ச் சொற்களை அப்படியே வரிசைப்படுத்தச் சொன்னால் ‘மரம்’ என்பதற்கு முன் ‘மனம்’ வருகிறது; ‘பழம்’ என்பதற்கு முன் ‘பறவை’; ‘பக்கம்’ என்பதற்கு முன் ‘பகல்’. யூனிகோடு ‘ன’வை ‘ந’வுக்கு அடுத்தும், ‘ற’வை ‘ர’வுக்கு அடுத்தும் வைத்திருக்கிறது, புள்ளியோ உயிர்மெய்க் குறிகளுக்கெல்லாம் பின்னால் நிற்கிறது. ற, ன இரண்டும் கடைசியில் வருவதும், ‘க்’ என்பது ‘க’வுக்கு முன் வருவதும் நம் அகராதி மரபு.

இதைச் சரிசெய்ய லிஸ்ட், டிக்ஷனரி இரண்டுமே வேண்டும். முதலில் 247 எழுத்துகளையும் மரபு வரிசையில் ஒரு லிஸ்ட்டாக எழுதுங்கள். அதைக் கொண்டு ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் வரிசை எண்ணைத் தரும் டிக்ஷனரியைக் கட்டுங்கள். பிறகு சொல்லை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றின் எண்ணையும் எடுத்து லிஸ்ட்டாக்குங்கள். இரண்டு லிஸ்ட்டுகளைப் பைத்தான் முதல் உறுப்பிலிருந்து ஒப்பிட்டுப் போவதால், அந்த எண்களின்படி வரிசைப்படுத்தினால் ‘மரம்’ முன்னால் வந்துவிடும். ஷ, ஜ போன்ற எழுத்துகளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாம்.

சொல்லடைவு

அடுத்து சொல்லடைவு கட்டிப் பாருங்கள். திருவல்லிக்கேணியின் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில் தம் இறுதி நாட்களில் வாழ்ந்த பாரதியின் பாடல்கள், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் யாரும் எடுத்துக்கொள்ளும்படி கிடைக்கின்றன. அவற்றின் ஒவ்வொரு சொல்லையும் டிக்ஷனரியில் கீயாக வையுங்கள். அது வரும் வரிகளின் எண்களை ஒரு லிஸ்ட்டாக்கி அதற்கு வேல்யூவாகக் கொடுங்கள். புதிய சொல் வந்தால் வெற்று லிஸ்ட் ஒன்றைத் திறக்க வேண்டும். பழைய சொல்லானால் அதன் லிஸ்ட்டில் வரி எண்ணைச் சேர்த்தால் போதும். கீயாக ஏன் லிஸ்ட்டை வைக்க முடியாது என்பதும் இங்கே புரியும். கீ மாறினால் அதிலிருந்து கணக்கிட்ட எண்ணும் மாறிவிடும், வைத்த இடம் தெரியாமல் போகும். அதனால்தான் லிஸ்ட், டிக்ஷனரி போன்ற மாற்றக்கூடிய வகைகளைப் பைத்தான் கீயாக ஏற்பதில்லை.

எழுத்துகளைப் பிரிக்கவும் வரிசைப்படுத்தவும் ‘ஓப்பன்-தமிழ்’ என்ற கட்டற்ற பைத்தான் தொகுப்பு இருக்கிறது. ஒருமுறையாவது அதில்லாமல் சொந்தமாக எழுதிப் பாருங்கள். கல்லூரிகளும் பயிற்சி மையங்களும் இந்த இரண்டு பயிற்சிகளையும் முதல் மாதத்திலேயே கொடுக்க வேண்டும். தமிழ்ப் பெயர்ப் பட்டியலோ வாக்காளர் பட்டியலோ நூலகப் பட்டியலோ பிழையில்லாத வரிசையில் வர வேண்டுமானால், அதற்கான நிரலை எழுதப்போகிறவர் இன்று படித்துக்கொண்டிருக்கும் மாணவர்தான்.