பினியன் பல்லை எண்ணிய காலம்

அமெரிக்காவில் பிக்கப் வாங்கியவருக்கு முதலில் உறுத்துவது டயர். கம்பெனி போட்டுத் தந்தது சின்னதாகத் தெரியும். 35 அங்குல டயர் மாட்டினால் வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும். ஆனால் கிளம்பும்போது முனகும், மேட்டில் திணறும். சக்கரம் ஒரு சுற்றில் போகும் தூரம் கூடிவிட்டதால், அதே வேகத்துக்கு என்ஜின் குறைந்த சுற்றில் முக்கி இழுக்க வேண்டியிருக்கிறது.

1970-களில் இதற்கு ஒரே மருந்து, ஆக்ஸிலைத் திறந்து, உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுனையும் அதைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனையும் மாற்றுவது. கிரவுனில் 41 பல், பினியனில் 11 பல் என்றால் விகிதம் 3.73. பினியன் 9 பல்லாக இறங்கினால் 4.56. கணக்கும் எளிது: பழைய விகிதத்தைப் புது டயரின் விட்டத்தால் பெருக்கி, பழைய விட்டத்தால் வகுத்தால் போதும். 29 அங்குலத்திலிருந்து 35-க்குப் போகிறவருக்கு 4.5 வரும். கடையில் கிடைப்பது 4.56. அதை வாங்கி மாட்டிவிடுவார்கள்.

அன்றைய ஆட்டோமேட்டிக்குகளில் பெரும்பாலும் மூன்றே கியர். மூன்றாவது நேர் கியர்; என்ஜின் சுற்றைக் குறைத்து ஓட்டும் மேல் கியரான ஓவர்டிரைவ் கிடையாது. ஆக்ஸிலில் எதைப் போட்டாலும் நெடுஞ்சாலையில் அது காதுக்குத் தெரிந்துவிடும். 35 அங்குல டயரும் 4.56-உமாக மணிக்கு 65 மைலில் போனால் என்ஜின் நிமிடத்துக்கு 2,850 சுற்றில் இரைந்துகொண்டே வரும். எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-இல் நாடு முழுக்க 55 மைல் வேக வரம்பு வந்தது. அந்த வேகத்தில் 2,400 சுற்றுதான். பெரிய டயர்காரர்கள் அந்தச் சட்டத்துக்கு நன்றி சொன்னார்களோ என்னவோ, சொல்லியிருக்கலாம்.

1982-இல் ஜெனரல் மோட்டார்ஸ் 700ஆர்4 என்ற நான்கு கியர் பெட்டியைக் கொண்டுவந்தது. நான்காவது கியர் 0.70. இரைச்சல் அடங்கியது, பெட்ரோலும் மிச்சமானது. ஆனால் 3.08 ஆக்ஸில் உள்ள வண்டியில் 33 அங்குல டயரை மாட்டினால் நான்காவது கியர் இறக்கத்துக்கு மட்டுமே உதவும். சிறு மேடு வந்தாலும் மூன்றுக்கு இறங்கும், மறுபடி ஏறும். இந்தத் தடுமாற்றத்தில் கியர் எண்ணெய் கொதிக்கும். எனவே ஆக்ஸிலைத் திறக்கும் வேலை குறையவில்லை.

2017 மாடல் ஃபோர்டு எஃப்-150-இல் வந்த பத்து கியர் பெட்டிதான் கணக்கைப் புரட்டியது. அதன் முதல் கியர் 4.70. ஆக்ஸில் 3.55 என்றால் மொத்தப் பெருக்கம் 16.7. அன்றைய மூன்று கியர் டர்போ 350 பெட்டியின் முதல் கியர் 2.52தான், 4.56 ஆக்ஸிலோடு பெருக்கினாலும் 11.5-ஐத் தாண்டாது. காசு செலவழித்து ஆக்ஸிலில் வாங்கிய இழுவையைவிட அதிகமானது இன்று பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ‘35-க்கு 4.56’ என்ற பழைய வாய்ப்பாட்டை இன்றும் சொல்லித் தருகிற பெரியவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதல் கியர் சரி, மேல் கியர்? பத்தாவது 0.64. 3.55 ஆக்ஸில், 35 அங்குல டயரோடு 70 மைலில் என்ஜின் 1,530 சுற்றில்தான் ஓடும். எதிர்காற்று அடித்தாலோ பின்னால் டிரெய்லர் இருந்தாலோ அந்தச் சுற்றில் தாங்காது. எட்டு, ஏழு என்று இறங்கும். ஏழாவது நேர் கியர். காசு கொடுத்து வாங்கிய மூன்று ஓவர்டிரைவும் சும்மா கிடக்கும். 4.10 போட்டால் அதே வேகத்தில் 1,760 வரும். பாரம் இழுப்பவருக்கு அந்த 230 சுற்று முக்கியம். கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டுகிறவர் ஆக்ஸிலைத் தொடாமல் இருப்பதே மேல் என்பேன். இன்னொன்று: எந்த விகிதம் போட்டாலும் பிரேக்குக்கு அதனால் பயனில்லை. பெரிய டயரின் எடையை நிறுத்த வேண்டியது பிரேக்தான்.

ஸ்பீடோமீட்டர் கதை வேறு. அன்று கியர் பெட்டியின் வாலில் இருந்த சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரத்தை மாற்றினால் முள் சரியாகிவிடும். இன்று டயர் அளவையும் விகிதத்தையும் வண்டியின் கணினிக்குச் சொல்லாவிட்டால் வேகம் மட்டுமல்ல, கியர் மாறும் நேரமும் பிசகும்.

ஒர்க்‌ஷாப்பில் மட்டும் எதுவும் மாறவில்லை. ஃபோர் வீல் டிரைவ் என்றால் முன் ஆக்ஸில், பின் ஆக்ஸில் இரண்டையும் மாற்ற வேண்டும். ஒன்றை விட்டால் ஃபோர் வீல் போட்டதும் இரண்டும் ஒன்றையொன்று இழுத்து உடைத்துக்கொள்ளும். பல்லில் மஞ்சள் சாயம் தடவி, பதிவு எங்கே விழுகிறது என்று பார்த்து, ஷிம் என்ற மெல்லிய தகட்டைக் கூட்டிக் குறைத்து மறுபடி பூட்டுவதெல்லாம் இன்னும் கைவேலைதான். கூலி இரண்டு ஆக்ஸிலுக்கும் சேர்த்துத்தான் வரும். அதனால் விவரம் தெரிந்தவர் புது வண்டி ஆர்டர் கொடுக்கும்போதே 3.73-ஐக் கேட்டு வாங்கிவிடுகிறார்.