எண்டு மாற்றினால் பாதி வேலைதான்

 முன் சக்கரத்தின் கிங் பின்னுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு, அதைவிட அடிக்கடி தேய்கிற பாகம் டை ராட் எண்டு. குட்டி யானை, தோஸ்த், பொலேரோ பிக்கப் என்று எந்த லோடு வண்டியானாலும் பல பட்டறைகளில் இந்த வேலை ஒரே மாதிரிதான் நடக்கிறது. எண்டில் ஆட்டம் தெரிந்தால் அதை மட்டும் கழற்றி, மரை எண்ணிப் புதியதை ஏற்றி, வண்டியை அனுப்பிவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், முன் டயர் தேய்கிறது என்று அலைன்மெண்டுக்குப் போகிறவர் எண்டில் இருக்கும் ஆட்டத்தைப் பார்க்காமலே காசு கொடுத்துத் திரும்புகிறார். இரண்டும் வீண் செலவு. எண்டு மாற்றுவதும் அலைன்மெண்ட் பார்ப்பதும் ஒரே வேலை. அதில் பாதியை மட்டும் செய்தால் அந்தப் பாதிக்குக் கொடுத்த காசும் போய்விடும் என்பதே என் வாதம்.

திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சற்று அதிகம் திரும்ப வேண்டும். இதற்கான இணைப்பை மியூனிக்கின் லாங்கென்ஸ்பெர்கர் குதிரை வண்டிக்காக வகுத்தார். 1818-ல் லண்டனில் அவர் சார்பில் ஆக்கர்மான் காப்புரிமை பெற்றார். முன் ஆக்சில் ஒரே கட்டையாக உள்ள பிக்கப்பில் இன்றும் அடிப்படை அதுதான். இரண்டு சக்கரங்களின் ஸ்டீயரிங் ஆர்ம்களையும் ஒரு நீளமான ராட் இணைக்கிறது. அதன் இரு முனையிலும் ஒவ்வொரு எண்டு. ஒன்றில் வலது மரை, மற்றதில் இடது மரை. ராடைத் திருகினால் நீளம் கூடும் அல்லது குறையும். இரண்டு முன் சக்கரங்களும் ஒன்றையொன்று பார்க்கும் கோணம், அதாவது டோ, மாறும். எண்டுக்குள் கடினமாக்கிய எஃகு உருண்டை ஒரு கிண்ணத்தில் கிரீஸோடு உட்கார்ந்திருக்கிறது. மேலே உள்ள ரப்பர் பூட் கிழிந்தால் தண்ணீரும் மண்ணும் உள்ளே போகும். அதன்பின் உருண்டையும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும். அடியில் ஸ்பிரிங் வைத்த வகைகளில் இந்தத் தேய்மானம் வெகுநாள் கைக்குத் தெரியாது. நிப்பிள் உள்ள எண்டுக்குத் தவறாமல் கிரீஸ் அடித்தால் போதாதா என்பார்கள். கிரீஸ் தேய்மானத்தைத் தள்ளிப்போடும். தேய்ந்த இரும்பைத் திரும்பக் கொண்டுவராது. சில நாள் சத்தத்தை அடக்கி, ஆட்டத்தை மறைக்கவும் செய்யும்.

இனி கணக்குக்கு வருவோம். ஸ்டீயரிங் ஆர்மின் நீளம் 150 மில்லிமீட்டர், டயரின் விட்டம் 700 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 15 அங்குல ரிம் போட்ட பிக்கப்புக்கு இது பொருந்தும். எண்டில் 1 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தால் டயரின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் நடுவே ஏறத்தாழ 4.7 மில்லிமீட்டர் வித்தியாசம் வந்துவிடும். டோ-இன் அளவு வண்டிக்கு வண்டி மாறினாலும், தயாரிப்பாளர்கள் அனுமதிப்பது சில மில்லிமீட்டர்தான். ஆகவே ஆட்டமுள்ள எண்டோடு அலைன்மெண்ட் செய்தால், இயந்திரம் காட்டிய எண் அந்த மேடையில் நின்ற நேரத்துக்கு மட்டுமே உண்மை. பிரேக் அழுத்தியதும், பள்ளத்தில் இறங்கியதும் சக்கரம் வேறு கோணத்துக்குப் போய்விடும்.

மறுபாதியையும் இதே அளவுகளோடு பார்க்கலாம். 1.5 மில்லிமீட்டர் பிட்ச் மரையில் எண்டு ஒரு சுற்று கூடக்குறைய ஏறினால் டோ 7 மில்லிமீட்டர் மாறும். அது இரு சக்கரங்களுக்கும் சமமாகப் பிரிந்தாலும், ஒவ்வொரு டயரும் ஒரு கிலோமீட்டர் ஓடும்போது 5 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நாளுக்கு 100 கிலோமீட்டர் ஓடும் வண்டியில் அது அரைக் கிலோமீட்டர். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுக்கும், முழுவதும் உரசலாகாது என்பது உண்மை. ஆனால் டயரின் மேல் கையைத் தடவினால் ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல்லாகவும் தட்டுப்படுகிறதே, அது இந்த இழுபாட்டின் தடம்தான்.

அனுபவமுள்ள மெக்கானிக்கின் மறுப்பு இங்கேதான் வரும்: பழைய எண்டு எத்தனை மரை உள்ளே இருந்தது என்று எண்ணிவிட்டுத்தானே புதியதை ஏற்றுகிறேன்? எண்ணுவது நல்ல பழக்கம். வண்டி அலைன்மெண்ட் கடை வரை ஒழுங்காக ஓடிப்போக அது உதவும். அதற்கு மேல் அதை நம்ப முடியாது. மரை முனையிலிருந்து உருண்டையின் மையம் வரையுள்ள தூரம் கம்பெனிக்குக் கம்பெனி சற்று மாறக்கூடும். பழைய எண்டிலோ உருண்டை தேய்ந்து இடம் தளர்ந்திருக்கும். கடைசியாக டோ வைத்தபோதே எண்டில் ஆட்டம் இருந்திருந்தால், மரை எண்ணி மாட்டுகிறவர் பழைய பிழையை அப்படியே புதிய எண்டில் ஏற்றிவிடுகிறார்.

எஃப்.சி. (தகுதிச் சான்று) கிடைத்துவிட்டதே என்பது இன்னொரு சமாதானம். 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98-ஆவது விதி, ஸ்டீயரிங்கில் 30 டிகிரிக்கு மேல் ஆட்டம் கூடாது என்கிறது. 40 சென்டிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீயரிங்கில் 30 டிகிரி என்றால் விளிம்பில் 10 சென்டிமீட்டருக்கும் மேல். அது விதி பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை. வண்டி நலமாக இருப்பதற்கு அடையாளம் ஆகாது. அதே விதி, பால் ஜாயிண்டுகளுக்கு ரப்பர் மூடி இருக்க வேண்டும், போல்ட்டும் பின்னும் கழலாதபடி பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. ஆக, கிழிந்த பூட்டோடு ஓடும் வண்டி, கையில் ஆட்டமே தெரியாவிட்டாலும், சட்டப்படியும் குறையுள்ள வண்டிதான். ஊருக்குள் மெதுவாகத்தானே ஓடுகிறது என்றும் சிலர் சொல்வார்கள். டயர் இழுபடுவது தூரத்தைப் பொறுத்தது. வேகம் குறைந்தாலும் மீட்டர் கணக்கு மாறாது, சுமை ஏற ஏற உரசல் கூடும். உருண்டை கிண்ணத்தை விட்டே கழன்று வந்தால் ஒரு சக்கரம் தன் போக்கில் திரும்பிக்கொள்ளும். சந்தைத் தெருவில் அது 20 கிலோமீட்டர் வேகத்தில் நடந்தாலும் எதிரில் நடந்து வருகிறவருக்கு ஆபத்து ஆபத்துதான்.

ஒரு எண்டா, இரண்டுமா? இடதுபக்கச் சக்கரம் சாலையோரப் பள்ளங்களில் அதிகம் இறங்குவதால் இரண்டும் ஒரே நாளில் தேய வேண்டும் என்பதில்லை. மற்ற எண்டு இறுக்கமாக, பூட் முழுதாக இருந்தால் அதை விட்டுவைப்பதில் தவறில்லை. ஆனால் எந்த எண்டை மாற்றினாலும் அலைன்மெண்டுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும் என்று ஒப்புக்கொண்டால், வயதான இரண்டாவது எண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் மலிவு. சக்கரங்கள் தரையில் இருக்க, ஒருவர் ஸ்டீயரிங்கைச் சற்றே இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் எண்டின் மேல் கை வைத்துப் பார்த்தால் இதை முடிவு செய்துவிடலாம்.

மாட்டும்போது பிடிமானம் தருவது கூம்பு வடிவத் தண்டுதான். நட்டு அதை இறுக்கி உட்கார வைக்கிறது. தண்டு உட்காரும் துளை சுத்தமாக, வட்டம் கெடாமல் இருக்க வேண்டும். கேஸில் நட்டின் வெட்டும் பின் துளையும் நேராகவில்லை என்றால் இன்னும் சற்று முறுக்க வேண்டுமே தவிரத் தளர்த்தக் கூடாது. ஸ்பிளிட் பின் புதிதாகவே இருக்கட்டும்.

அலைன்மெண்ட் முடிந்து ஸ்டீயரிங் கோணலாக நின்றால், அதைக் கழற்றி வேறு பல்லில் மாட்டித் தருகிற வழக்கத்தை உறுதியாக மறுத்துவிடுங்கள். கட்டை ஆக்சில் வண்டியில் அதை நேராக்க வேண்டிய இடம் ஸ்டீயரிங் பாக்ஸிலிருந்து வரும் டிராக் லிங்க். ராக்-பினியன் ஸ்டீயரிங் உள்ள வண்டியில் இரண்டு பக்க ராடுகளையும் எதிரெதிராக ஒரே அளவு சரிசெய்ய வேண்டும். ஸ்டீயரிங்கை மட்டும் மாற்றி மாட்டினால் பார்வைக்கு நேராக நிற்கும். உள்ளே கியர் நடுவில் இருக்காது, இடப்பக்கமும் வலப்பக்கமும் திரும்பும் அளவு வேறுபடும். ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதியில் நிறுத்தி, சக்கரங்கள் நேராக இருக்கின்றனவா என்று மேடையிலிருந்து வண்டி இறங்கும் முன்பே பார்த்துவிடலாம்.