காணாமல் போன பூனை, கிணற்றுக்குள் ஒரு போர்: முராகமியின் 600 பக்க நாவல் என்ன சொல்கிறது?

பூனையைக் காணோம். அதைத் தேடப் போகிறார் வேலையில்லாத ஆடவர் ஒருவர்.

அட, இதைச் சொல்ல 600 பக்கமா என்று கேட்கிறீர்களா?

ஜப்பானிய எழுத்தாளர் ஹருக்கி முராகமியின் நாவல் ஒன்று அப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் முடிவதற்குள் அது உங்களை மங்கோலிய எல்லைக்கும் 1945-ஆம் ஆண்டின் மஞ்சூரியாவுக்கும் கூட்டிச் சென்றுவிடும்.

ஆங்கிலத்தில் அதன் பெயர் 'தி வைண்ட்-அப் பேர்ட் குரோனிக்கல்'. தமிழில் 'சாவி கொடுக்கும் பறவையின் வரலாறு' எனலாம். ஜப்பானில் மூன்று பாகங்களாக வந்தது. முதல் இரண்டு 1994-இல், மூன்றாவது 1995-இல்.

புத்தகம் பெருசா இருக்கேன்னு ஒதுக்கிடாதீங்க. இதற்குள் ஒரு முக்கியமான கேள்வி இருக்கிறது. பெரியவர்கள் பேசாமல் விட்ட போர், பிள்ளைகளின் வாழ்க்கையில் எப்படி நுழைகிறது?

*கதை என்ன?*

ஆண்டு 1984. இடம் தோக்கியோ. 30 வயது தோரு ஒக்காடா சட்ட நிறுவன வேலையை விட்டுவிட்டு வீட்டில் சமையலைக் கவனிக்கிறார். மனைவி குமிக்கோ வேலைக்குப் போகிறார்.

முதலில் பூனை காணாமல் போகிறது. பிறகு ஒருநாள் குமிக்கோவும் வீடு திரும்பவில்லை.

பூனையின் பெயர் நொபோரு வதாயா. அது குமிக்கோவின் அண்ணன் பெயர்! தோருவுக்குக் கொஞ்சமும் பிடிக்காத மச்சான். தொலைக்காட்சியில் பேசிப் பேசிப் பிரபலமாகி, அரசியலில் இறங்குபவர்.

அக்கம்பக்கத்து மரங்களில் ஒரு பறவை கத்துகிறது. கண்ணில் படாது, சத்தம் மட்டும் கேட்கும். பழைய கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போன்ற சத்தம். அது தினமும் வந்து சாவி கொடுப்பதால்தான் உலகம் ஓடுகிறது என்று கணவனும் மனைவியும் தங்களுக்குள் சொல்லிக்கொள்கின்றனர்.

மனைவியைத் தேடும் தோரு, அருகிலுள்ள காலி வீட்டின் வறண்ட கிணற்றுக்குள் இறங்கி உட்காருகிறார். அங்கிருந்து சுவரைத் தாண்டி, எங்கோ இருக்கும் இருண்ட ஹோட்டல் அறைக்குப் போய்விடுகிறார். திரும்பி வரும்போது கன்னத்தில் நீலம் கலந்த கறுப்புத் தழும்பு ஒன்று இருக்கிறது.

*இதுதான் மாய யதார்த்தமா?*

ஆமாம். அன்றாட வாழ்க்கை அப்படியே இருக்கும். அதன் நடுவில், நடக்க முடியாத ஒன்று நடக்கும். கதையில் உள்ளவர்கள் அதைக் கண்டு பெரிதாக அதிர்ச்சியடைய மாட்டார்கள்.

இந்த வகைக்குப் பலரும் சொல்லும் எடுத்துக்காட்டு, கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் 1967-இல் வெளியிட்ட 'தனிமையின் நூறு ஆண்டுகள்'.

மார்க்வெஸ் ஓர் ஊரின் கதையைச் சொன்னார். முராகமியோ நகரத்துச் சமையலறையில் தொடங்குகிறார். அடுப்பில் ஸ்பகெட்டி கொதிக்கும்போது தொலைபேசி ஒலிக்கிறது. அந்தச் சாதாரண வீட்டுக்குள்தான் மாயம் நுழைகிறது.

*போர் எங்கிருந்து வந்தது?*

தோருவும் குமிக்கோவும் முன்பு ஹொண்டா எனும் முதியவரிடம் குறி கேட்கப் போவதுண்டு. அவர் போரில் செவித்திறனை இழந்தவர். அவர் இறந்த பிறகு, தோருவுக்காக விட்டுச்சென்ற பரிசை மமியா எனும் முன்னாள் ராணுவ அதிகாரி கொண்டுவருகிறார்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒன்றுமே இல்லை!

மமியா சொல்லும் கதைதான் உண்மையான பரிசு. இளம் வயதில் மஞ்சூரியாவில் இருந்த அவர், ரகசியப் பணிக்காக மங்கோலிய எல்லையைக் கடக்கிறார், பிடிபடுகிறார். உடன் வந்தவர் உயிரோடு தோலுரிக்கப்படுவதைப் பார்க்கிறார். படிக்க மிகவும் கடினமான பக்கங்கள் அவை. மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள்.

பிறகு மமியா வறண்ட கிணறு ஒன்றில் தனியாக விடப்படுகிறார். நாளுக்குச் சில விநாடி மட்டும் சூரிய ஒளி அடிவரை வருகிறது. ஹொண்டா அவரைக் காப்பாற்றுகிறார். ஆனால் மிஞ்சியது உயிர் மட்டும்தான், வாழ்க்கை இல்லை.

*கவனிக்கவேண்டிய மூன்று*

படிக்கும்போது இந்த மூன்றையும் விட்டுவிடாதீர்கள்:

- கிணறு: மமியா கிடந்ததும் கிணறு, தோரு தானாக இறங்குவதும் கிணறு.

- தழும்பு: மஞ்சூரியாவின் ஷின்ஜிங் விலங்கியல் தோட்டத்தில் வேலை பார்த்த விலங்கு மருத்துவர் ஒருவர் கதையில் வருகிறார். அவர் கன்னத்திலும் இதே தழும்பு.

- பேஸ்பால் மட்டை: 1945 ஆகஸ்டில் ஷின்ஜிங்கில் ஜப்பானிய ராணுவத்தினர் ஒரு சீனக் கைதியை மட்டையால் அடித்துக் கொல்வதாக நாவலில் வருகிறது. 40 ஆண்டுக்குப் பின் தோருவின் கையிலும் ஒரு மட்டை இருக்கிறது.

அந்தக் காலத்தில் தோரு பிறக்கவே இல்லை. யாரும் அவருக்குச் சரியாகச் சொல்லித்தரவும் இல்லை. இருந்தாலும் போரின் அடையாளங்கள் அவர் உடம்பிலும் கையிலும் வந்து சேர்கின்றன. மாயத்துக்கு இங்கே வேலை அதுதான். யாரும் வாய்விட்டுச் சொல்லாத வரலாறு வேறு வழியாக வருகிறது.

*ஏன் நொமொன்ஹான்?*

1939 மே முதல் செப்டம்பர் வரை, மஞ்சூரிய-மங்கோலிய எல்லையில் ஜப்பானியப் படையும் சோவியத்-மங்கோலியப் படையும் மோதின. ஜப்பானியர்கள் அந்த இடத்தை நொமொன்ஹான் என்பர். ஹொண்டா செவித்திறனை இழந்தது அங்கேதான்.

சோவியத் டாங்கிகளுக்கு முன் ஜப்பானியப் படை கடுமையாகத் தோற்றது. இரு தரப்பிலும் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். தோல்வியின் அளவை ஜப்பானிய ராணுவம் மக்களிடமிருந்து மறைத்தது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, அங்குள்ள நூலகத்தில் அந்தப் போரைப் பற்றிய புத்தகங்களை முராகமி கண்டார். 1994-இல் போர்க்களத்துக்கே நேரில் சென்றார்.

*சிங்கப்பூருக்கு என்ன தொடர்பு?*

நாவலில் சிங்கப்பூர் கதைக்களம் அல்ல. ஆனால் வரலாற்றில் தொடர்பு இருக்கிறது.

வடக்கே சோவியத்திடம் வாங்கிய அடி, ஜப்பானின் பார்வை தெற்கே திரும்பியதற்கு ஒரு காரணம் என்று வரலாற்றாசிரியர்கள் சொல்கின்றனர். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது.

நொமொன்ஹான் மோதலைத் தீவிரப்படுத்திய அதிகாரிகளில் ஒருவர் மாசானோபு சுஜி. அவரே பின்னர் மலாயா படையெடுப்பைத் திட்டமிட்டவர்களில் முக்கியமானவர். 1942-இல் சிங்கப்பூரில் சீனர்களைக் குறிவைத்து நடந்த சூக் சிங் படுகொலைக்கும் அவரைப் பொறுப்பாளியாகச் சொல்கின்றனர். போருக்குப் பின் தலைமறைவாக இருந்த அவர், 1952-இல் ஜப்பானிய நாடாளுமன்றத்துக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நாவலின் வில்லன் சுஜி அல்ல. ஆனால் பழைய வன்முறை கோட்டும் டையும் அணிந்து அரசியலுக்குத் திரும்பும் என்ற பயம் வெறும் கற்பனை இல்லை என்பது புரிகிறது.

*ஆங்கிலத்தில் படித்தீர்களா?*

அப்படியென்றால் நீங்கள் முழு நாவலையும் படிக்கவில்லை!

ஜே ரூபினின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1997-இல் வந்தது. நீளம் அதிகம் என்பதால் ஏறக்குறைய 25,000 சொற்கள் நீக்கப்பட்டன. இரண்டாம் பாகத்தின் கடைசியிலும் மூன்றாம் பாகத்தின் தொடக்கத்திலும்தான் அதிக வெட்டு. அங்கே கதை தாவுவதுபோல் தோன்றினால், குறை உங்களிடம் இல்லை.

*கடைசியில் எல்லாம் புரியுமா?*

புரியாது. பறவை என்ன, அந்த அறை எங்கே இருக்கிறது என்று நாவல் விளக்குவதில்லை. இது சில வாசகர்களுக்கு எரிச்சலூட்டும். ஆனால் முன்பு முராகமியைக் கடுமையாக விமர்சித்த நோபெல் எழுத்தாளர் கென்சபுரோ ஓஏ, இந்நாவலுக்கு யொமியுரி இலக்கியப் பரிசு கிடைத்தபோது அதைப் பாராட்டிப் பேசினார்.

இன்னொரு விளக்கம் கால் நூற்றாண்டு கழித்து வந்தது. 2019-இல் முராகமி தம் தந்தையைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சீனாவுக்கு அனுப்பப்பட்ட படைவீரர் அவர். தம் படைப்பிரிவு ஒரு சீனக் கைதியைக் கொன்றதைச் சிறுவனாக இருந்த மகனிடம் ஒருமுறை சொல்லியிருக்கிறார். போரில் மாண்டவர்களுக்காகத் தினமும் காலையில் பிரார்த்தனை செய்வாராம்.

அந்தக் கட்டுரை ஒரு பூனையில் தொடங்குகிறது. அப்பாவும் மகனும் ஒரு பூனையைக் கடற்கரையில் விட்டுவிட்டு வீடு திரும்புகின்றனர். அவர்களுக்கு முன்பே அது வீட்டுக்கு வந்து நிற்கிறது.

நாவலிலும் பூனை கடைசியில் திரும்பி வருகிறது. உங்கள் வீட்டிலும் 'ஜப்பான்காரன் காலம்' என்று தொடங்கி, பாதியில் பேச்சை நிறுத்திவிடும் பெரியவர் இருக்கலாம். அடுத்த முறை, பிறகு என்ன ஆச்சு என்று கேட்டுப் பாருங்கள்.