முடிவில்லாத கைங்கரியம்

மலேசியாவின் கிள்ளானில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றி, இன்று தென்கிழக்காசியாவின் திருப்பதி என்று பக்தர்கள் போற்றும் ஸ்ரீ சுந்தரராஜப் பெருமாள் ஆலயத்தில், பூத்தொடுப்பதும் பிரசாதம் வழங்குவதும் சிறு பணிகளாகத் தோன்றலாம். ஆயினும் அவற்றுக்குப் பின்னால் மகத்தானதொரு தத்துவம் நிற்கிறது.

ஸ்ரீ ராமாநுஜர் வழிவந்த வைஷ்ணவ சித்தாந்தத்தின்படி, ஜீவாத்மா பகவானுக்கு என்றென்றும் சேஷபூதன். அதாவது, அவனுக்கே உரிய அடிமையாய், அவன் உவப்புக்காகவே இருப்பவன். ஆகவே சேவை என்பது வினைகள் தீரும்வரை செலுத்தும் கடனன்று. மோட்சமடைந்து வைகுண்டம் புகுந்த பின்னரும் ஓயாமல், அங்கேதான் தடையேதுமின்றிப் பூரணமாகும் ஆனந்தம். திருவேங்கடமுடையானிடம் நம்மாழ்வார் வேண்டியதும், சரணாகதி கத்யத்தில் ராமாநுஜர் யாசித்ததும் இந்த நித்திய கைங்கரியத்தையே. அரண்மனை சுகத்தைத் துறந்து, இராமனுக்குப் பர்ணசாலை அமைத்து, வனத்தில் உடனிருந்த இலக்குவனை ஆசாரியர்கள் இதற்கு இலக்கணமாகக் காட்டுவர். அடிமை என்று கேட்டவுடன் இக்காலத்து மனம் கூசுகிறது. அன்பினால் தானே விரும்பி ஏற்கும் அடிமையில் இழிவு எங்கே இருக்கிறது?

பகவானுக்குச் செய்வதினும் அவன் அடியார்க்குச் செய்வதே உயர்ந்ததென்பதும் அவ்வாசாரியர்களின் துணிபு. வைஷ்ணவ மரபுக்கு வெளியிலும் இச்சேவை உணர்வு இம்மண்ணில் வேரூன்றியதற்குச் சான்றாக, 1949-இல் சுவாமி சத்யானந்தா நிறுவிய சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு இல்லம் அமைத்து, அன்னமும் கல்வியும் அளித்து வந்திருக்கிறது.